வட்டம் விழுந்தால் மருந்து! விழாவிட்டால் வெறும் மாத்திரை!

அவர் ஒரு போலீஸ்காரர். பெயர் ஆல்பர்ட் அலெக்சாண்டர். வயது 43.

1941ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

முதலில் அவர் முகத்தில் இருந்தது ஒரு சிறு காயம்தான். ரோஜாச் செடியின் முள் கீறியது என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். "அதெல்லாம் இல்லை, போரில் குண்டு விழுந்தபோது பட்ட காயம்" என்று அவருடைய மகள் பின்னாளில் சொன்னார். முள்ளோ, குண்டோ, அந்தக் காயத்தில் கிருமி புகுந்துவிட்டது.

முகம் முழுவதும் சீழ் பிடித்தது. ஒரு கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. நுரையீரலுக்கும் பரவியது.

பிப்ரவரி 12ந் தேதி டாக்டர்கள் அவருக்கு ஒரு புது மருந்தை ஊசி மூலம் ஏற்றினார்கள். அதுதான் பெனிசிலின்.

ஒரே நாளில் மாறுதல் தெரிந்தது. காய்ச்சல் இறங்கியது. பசி எடுத்தது. சாப்பிட்டார்.

ஆனால், உலகத்தில் அப்போது இருந்த பெனிசிலின் கொஞ்சம்தான். அவருடைய சிறுநீரைப் பிடித்து, அதில் வெளியேறிய மருந்தைப் பிரித்தெடுத்து, திரும்பவும் அவருக்கே ஏற்றினார்கள். அப்படியும் ஐந்து நாளில் மருந்து தீர்ந்துபோயிற்று.

மார்ச் 15ந் தேதி அவர் இறந்தார்.

அவர் இறந்தது மருந்து போதாமல். இன்று மனிதர்கள் இறப்பது மருந்து கேளாமல்!

மருந்துக் கடையில் பெட்டி பெட்டியாக மருந்து இருக்கிறது. வாங்கிப் போட்டாலும் நோய் இறங்குவதில்லை. மருந்துக்கு மசியாத கிருமிகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டிருப்பார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டு, 2022ல் வெளியிட்டார்கள்.

"டாக்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லை" என்று வீட்டில் சொல்வது வழக்கம். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இல்லையா?

இருக்கிறது. கிருமியிடமே கேட்டுவிடலாம்! அதற்குத்தான் பரிசோதனைச் சாலை இருக்கிறது.

எட்டு எலிகள்

அந்தப் போலீஸ்காரருக்கு ஊசி போடுவதற்கு முந்தின ஆண்டு. 1940 மே 25ந் தேதி, சனிக்கிழமை.

ஆக்ஸ்போர்டில் ஃப்ளோரி என்ற பேராசிரியர் எட்டு வெள்ளெலிகளுக்குக் கொல்லும் கிருமியை ஊசியால் ஏற்றினார். நான்கு எலிகளுக்குப் பெனிசிலின் கொடுத்தார். மற்ற நான்குக்கு எதுவும் கொடுக்கவில்லை.

ஹீட்லி என்ற இளம் விஞ்ஞானி இரவெல்லாம் எலிக் கூண்டு அருகில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலை 3.45 மணிக்குள் மருந்து பெறாத நான்கும் செத்தன. மருந்து பெற்ற நான்கும் உயிரோடு இருந்தன.

அதன் பிறகுதான் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஒரு மருந்து கேட்குமா என்று பார்க்க எலிகளைப் பலி கொடுத்த காலம் அது. ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படி எலிகளைத் தேட முடியாது அல்லவா? கண்ணாடித் தட்டில் பார்க்கும் முறை இப்போது உலகமெங்கும் நடக்கிறது.

கடல் பாசியில் கிருமிப் பயிர்

கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஆனால், அதைப் பயிர் செய்தால் தெரியும்.

பயிருக்கு நிலம் வேண்டும். அந்த நிலம் கடல் பாசியில் இருந்து வருகிறது! பாசியைக் காய்ச்சினால் 'அகர்' என்ற கூழ் கிடைக்கும். ஆறினால் கெட்டிப்படும்.

இந்த யோசனை ஒரு பெண்மணியின் சமையல் அறையில் பிறந்தது. ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற பெரிய விஞ்ஞானியிடம் வேலை பார்த்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபேனி. வீட்டில் இனிப்புக்கூழ் செய்ய அவர் அகர் சேர்ப்பார். கோடைக் காலத்திலும் அது உருகாது. "இதையே கிருமி வளர்க்கவும் பயன்படுத்திப் பாருங்களேன்" என்று 1881ல் கணவருக்குச் சொல்லிக் கொடுத்தார். அன்று முதல் இன்று வரை அதுதான்.

ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் கடலுக்குள் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறார்களே, அதிலும் இருப்பது இந்த அகர்தான்.

அகரோடு கிருமிக்கு வேண்டிய சத்துப் பொருள்களைச் சேர்த்துத் தட்டையான வட்டத் தட்டில் ஊற்றி வைப்பார்கள். நோயாளியின் சிறுநீரையோ, சீழையோ, சளியையோ அதன்மேல் தடவி, உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். ரத்தமாக இருந்தால் முதலில் சத்து நீர் உள்ள பாட்டிலில் விட்டு வளர்ப்பார்கள்.

சில கிருமிகள் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகும். இரண்டு நான்காகும். எட்டே மணி நேரத்தில் ஒரு கிருமி 1 கோடியே 67 லட்சம் ஆகிவிடும்! கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மறுநாள் தட்டைத் திறந்தால் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கோடிக்கணக்கான கிருமிகள் வாழும் ஓர் ஊர்.

காகித வில்லை

குற்றவாளி அகப்பட்டுவிட்டான். இனி, அவனுக்கு எது பயம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தப் புள்ளியில் இருந்து கொஞ்சம் எடுத்து உப்பு நீரில் கலக்குகிறார்கள். நீர் எவ்வளவு கலங்க வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. ஒரு மில்லி லிட்டரில் ஏறக்குறைய 15 கோடி கிருமிகள். கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு.

அந்த நீரைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு, புதுத் தட்டு ஒன்றில், கோலம் போடுவதற்கு முன் வாசல் மெழுகுவதுபோல, இண்டு இடுக்கு விடாமல் பூசுகிறார்கள். அகரின் கனம் 4 மில்லி மீட்டர் இருக்க வேண்டும்.

அதன்மேல் சின்னக் காகித வில்லைகளை வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் 6 மில்லி மீட்டர் அகலம். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வொரு மருந்து ஊறியிருக்கிறது.

தட்டு மறுபடியும் பெட்டிக்குள் போகிறது. 16 முதல் 18 மணி நேரம் உள்ளே இருக்கும்.

வில்லையில் உள்ள மருந்து மெல்லக் கசிந்து சுற்றிலும் பரவுகிறது. கிருமிக்கு அந்த மருந்து ஆகாது என்றால், வில்லையைச் சுற்றி அது வளராது. மங்கலான தட்டின் நடுவே தெளிவான ஒரு வட்டம் விழும்!

மருந்து கேட்காது என்றால்? கிருமி வில்லையின் விளிம்பு வரைக்கும் வந்து முளைத்து நிற்கும். பயமே இல்லாமல்!

வட்டத்தை மில்லி மீட்டர் கணக்கில் அளந்து பட்டியலோடு ஒத்துப் பார்க்கிறார்கள். பிறகு மருந்தின் பெயருக்கு எதிரே 'எஸ்' என்றோ, 'ஆர்' என்றோ எழுதுகிறார்கள். எஸ் என்றால் கேட்கும். ஆர் என்றால் கேட்காது. இரண்டுக்கும் நடுவே 'ஐ' என்று ஒன்று உண்டு. அதைக் கண்டால் டாக்டர் அளவைக் கூட்டலாமா, வேறு மருந்துக்குப் போகலாமா என்று யோசிப்பார்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு மருந்துகளில் எதன் வட்டம் பெரிதோ அதுவே நல்ல மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. சில மருந்துகள் அகரில் வேகமாகப் பரவும். சில மெதுவாகப் பரவும். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி எல்லை. அதனால்தான் சீட்டை வாங்கி வீட்டில் உட்கார்ந்து தாமே மருந்து முடிவு செய்வது ஆபத்து.

கொலிஸ்டின் என்று ஒரு கடைசிக் கட்ட மருந்து. அதன் மூலக்கூறு பெரியது. அகரில் சரியாக நகராது. காகித வில்லையை நம்பினால் பொய்ச் சாட்சி சொல்லிவிடும். அதற்குச் சத்து நீரில் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக் கலந்து, எந்த அளவில் கிருமி முளைக்காமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

எடைக்கல் கிருமி

கண்ணாடித் தட்டும் காகித வில்லையும் ஆளுக்கு ஒரு விதமாக நடந்து வந்த காலம் ஒன்று உண்டு. ஓர் ஊரில் 'கேட்கும்' என்பார்கள். அடுத்த ஊரில் 'கேட்காது' என்பார்கள்.

1966ல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தைச் சேர்ந்த பாவர், கர்பி, ஷெரிஸ், டர்க் என்ற நால்வர் இதற்கு ஒரே முறையை வகுத்தார்கள். அகர் எது, கனம் எவ்வளவு, கிருமி எத்தனை, வில்லையில் மருந்து எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் அளவு சொன்னார்கள்.

காய்கறிக் கடையில் எடைக்கல் சரியாக இருக்கிறதா என்று சர்க்கார் ஆட்கள் வந்து பார்ப்பதுபோல, பரிசோதனைச் சாலைக்கும் ஓர் எடைக்கல் உண்டு. அதுவும் ஒரு கிருமிதான்! 1946ல் சியாட்டிலில் கிடைத்தது. அதன் எண் 25922. எந்த மருந்துக்கு எத்தனை மில்லி மீட்டர் வட்டம் கொடுக்கும் என்று உலகத்துக்கே தெரிந்த கிருமி. அதை வைத்துச் சோதிக்கும்போது வட்டம் மாறி விழுந்தால் வில்லை கெட்டிருக்கிறது, அல்லது அகர் கெட்டிருக்கிறது என்று பொருள். அன்றைக்கு வந்த முடிவுகளை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது.

நேற்று விழுந்த வட்டம்

பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றார். பரிசுச் சொற்பொழிவிலேயே ஓர் எச்சரிக்கை கொடுத்தார். தொண்டை வலி வந்த ஒருவன் தானே பெனிசிலின் வாங்கி, போதாத அளவில் சாப்பிடுகிறான். கிருமி சாகவில்லை, பழகிக்கொண்டது. அதே கிருமி அவன் மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்குப் பெனிசிலின் கேட்கவில்லை. இறந்துபோகிறாள். கதையாகத்தான் சொன்னார்.

கதை மெய்யாவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை.

லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி. மேரி பார்பர் என்ற பெண் டாக்டர் புண்களில் சீழ் உண்டாக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமிகளைத் தட்டில் வளர்த்து வரிசையாகச் சோதித்து வந்தார். 1946ல் 100க்கு 14 கிருமிகள் பெனிசிலினுக்கு மசியவில்லை. 1947ல் 38. 1948ல் 59!

இரண்டே ஆண்டுகளில்!

காச நோயிலும் இதுவே நடந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தை இங்கிலாந்தில் 55 பேருக்குக் கொடுத்தார்கள். 52 பேரைப் படுக்கையில் ஓய்வாக மட்டும் வைத்திருந்தார்கள். ஆறு மாதம் ஆயிற்று. ஊசி போட்டவர்களில் இறந்தவர் 4 பேர். போடாதவர்களில் 14 பேர். 1948ல் இதைக் கேட்டவர்கள் காசநோய் ஒழிந்தது என்று கூத்தாடினார்கள்.

ஐந்து ஆண்டு கழித்து மறுபடியும் எண்ணினார்கள். ஊசி போட்டவர்களில் 32 பேர் இறந்திருந்தார்கள். போடாதவர்களில் 35 பேர். ஏறக்குறைய சரிக்குச் சரி!

காரணம் பரிசோதனைச் சாலையில் தெரிந்தது. ஊசி போட்டவர்களில் 41 பேரின் கிருமிகளைச் சோதித்ததில் 35 பேரின் கிருமி மருந்துக்குப் பழகியிருந்தது. ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி தப்பிக்கிறது, இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் தப்ப முடியவில்லை என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது. இன்று காச நோய்க்குப் பல மாத்திரைகளைச் சேர்த்து மாதக்கணக்கில் கொடுப்பது இதனால்தான். சென்னையில் 1956ல் தொடங்கிய காச நோய் ஆராய்ச்சி நிலையம், அந்த மாத்திரைகளை வீட்டில் இருந்தபடியே சாப்பிட்டாலும் குணம் கிடைக்கும் என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது.

கிருமி எப்படித் தப்பிக்கிறது? சில கிருமிகள் மருந்தை வெட்டிப் போடும் நொதியைச் சுரக்கின்றன. சில, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. இந்த வித்தையை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். அது வேறு சாதிக் கிருமியாக இருந்தாலும் சரி!

டெல்லியின் பெயர்

கார்பபெனம் என்ற மருந்துகள் பெரிய ஆஸ்பத்திரிகளில், உயிருக்குப் போராடும் நோயாளிகளுக்குக் கொடுப்பவை. அவற்றையும் வெட்டும் நொதி ஒன்று அகப்பட்டது. இந்திய வம்சத்தைச் சேர்ந்த ஒருவர் டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு சுவீடனுக்குத் திரும்பியிருந்தார். 2008ல் அங்கே அவரிடம் எடுத்த கிருமியில் இது இருந்தது. 2009ல் அதற்கு டெல்லியின் பெயரையே வைத்துவிட்டார்கள். என்.டி.எம். - 1. என்.டி. என்றால் நியூ டெல்லி!

நாட்டின் தலைநகரை நோய்க்குப் பெயராக வைப்பதா என்று இங்கே கோபம் எழுந்தது. கோபம் நியாயமே. ஆனால், பெயரை மாற்றினால் கிருமி மாறாது. 2012ல் இந்திய டாக்டர்கள் சென்னையில் கூடி, மருந்துகளைக் காப்பாற்றத் திட்டம் ஒன்று வகுத்தார்களே, அது கோபத்தைவிடப் பெரிய பதில்.

இந்தக் கிருமியைப் பிடிக்க எளிய உபாயம் ஒன்று இருக்கிறது. மருந்து ஊறிய காகித வில்லையை, சந்தேகப்படும் கிருமியோடு சத்து நீரில் நான்கு மணி நேரம் போட்டு வைப்பார்கள். பிறகு அந்த வில்லையை எடுத்து, எடைக்கல் கிருமி பூசிய தட்டில் வைப்பார்கள். மறுநாள் பெரிய வட்டம் விழுந்தால் வில்லையில் மருந்து பத்திரமாக இருக்கிறது. விழாவிட்டால், மருந்தை அந்தக் கிருமி தின்று தீர்த்துவிட்டது! கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

நாலே நாலு மாத்திரை

இவ்வளவும் பரிசோதனைச் சாலையில் நடக்கட்டும். மருந்துக் கடை வாசலில் என்ன நடக்கிறது?

"அண்ணே, புள்ளைக்குக் காய்ச்சலும் சளியும். நல்ல மாத்திரையா நாலு கொடுங்க."

"டாக்டர் சீட்டு இருக்காம்மா?"

"அதுக்கு எங்க அண்ணே நேரம்? போன தடவை கொடுத்தீங்களே, அதையே கொடுங்க."

நாலு மாத்திரை கைமாறுகிறது. பிள்ளைக்கு வந்தது சாதாரணச் சளிக் காய்ச்சல். அது வைரஸினால் வருவது. ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸைத் தொடவே தொடாது. காய்ச்சல் மூன்றாம் நாள் தானே இறங்குகிறது. புகழ் மாத்திரைக்குப் போகிறது! பிள்ளையின் குடலில் இருந்த கிருமிகளுக்கோ நல்ல பயிற்சி கிடைத்துவிட்டது.

அந்தத் தாயை ஏசிப் பயன் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க அவளால் முடியவில்லை. கடைக்காரருக்குத்தான் சட்டம் தெரியும். 2014 மார்ச் 1ந் தேதி முதல் பல ஆன்டிபயாடிக் மருந்துகளையும் காச நோய் மருந்துகளையும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனி ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று 2016ல் சர்க்கார் பிரசாரமும் செய்தது. கோடு இருக்கிறது. விற்பனையும் நடக்கிறது!

கோழிப் பண்ணையையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன கொலிஸ்டினைக் கோழி கொழுக்க வேண்டும் என்று தீனியில் கலந்து வந்தார்கள். சாகக் கிடக்கும் மனிதனுக்கு வைத்திருக்கும் கடைசி மருந்து கோழித் தீனியில்! 2019 ஜூலையில் மத்திய சர்க்கார் அதைத் தடை செய்தது.

தடைகள் போதுமா? போதாது. "சோதித்துப் பார்த்து மருந்து கொடு" என்று டாக்டருக்குச் சொல்வது சுலபம். சோதிக்கும் இடம் 60 மைலுக்கு அப்பால் இருந்தால் அவர் என்ன செய்வார்? ஊகத்தில் எழுதுவார். ஊகம் தப்பிவிடக் கூடாதே என்று பலமான மருந்தாக எழுதுவார். நல்ல டாக்டரையும் அப்படி எழுத வைப்பது அந்தத் தூரம்தான். புதிய மாத்திரைகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைத் தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு சூட்டுப் பெட்டிக்கும், அகர் தட்டுக்கும், படித்த ஓர் ஊழியருக்கும் ஒதுக்கலாம். இவை ராக்கெட் செலவு அல்ல.

அந்த ஊழியரைப் பற்றி யாரும் பேசுவது இல்லை. அவரை நோயாளி பார்ப்பதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று கிருமி வளராமல் நிற்காது. அவர் வந்து தட்டைத் திறந்தாக வேண்டும்.

முதல் மாத்திரைக்கு முன்

சோதனைக்கு இரண்டு மூன்று நாள் ஆகிறதே, அதுவரை நோயாளி காத்திருப்பதா என்று கேட்கலாம். ரத்தத்தில் கிருமி பரவி ஆபத்தான நிலையில் இருப்பவர் காத்திருக்கக் கூடாது. டாக்டர் உடனே மருந்து கொடுப்பார், கொடுக்க வேண்டும். முடிவு வந்ததும் மாற்றுவார். காச நோய்க்கு இப்போது சளியை ஓர் இயந்திரத்தில் வைத்தால் இரண்டே மணி நேரத்தில், கிருமி இருக்கிறதா, முக்கியமான மருந்து ரிபாம்பிசின் கேட்குமா என்று சொல்லிவிடுகிறது.

அவசர நோயாளிக்கும்கூட ரத்தத்தையோ சிறுநீரையோ முதல் ஊசிக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால், தட்டில் எதுவும் முளைக்காமல் போகலாம். "கிருமி இல்லை" என்று சீட்டு வரும். உடம்புக்குள் அது இருக்கும்!

வீட்டில் ஏற்கெனவே ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போகலாம். சிறுநீர் என்றால் முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான புட்டியில் பிடிக்க வேண்டும். பிடித்த இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதனைச் சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். வெயிலில் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்காக நின்றால், வழியிலேயே வேறு கிருமிகள் பெருகிவிடும். மறுநாள் தட்டில் முளைப்பது நோயாளியின் கிருமியா, புட்டியின் கிருமியா என்று சோதிப்பவருக்கே தெரியாது.